போர்ட் எண் இல்லாமல் பெயர் கேட்காதீர்கள்: தொலைத்தொடர்புத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் இயங்கும் சிறிய பிராட்பேண்ட் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாக வலையமைப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த சிலர் ஒன்றுசேர்ந்து தொடங்கிய நிறுவனம் இது. இன்று சில ஆயிரம் வீடுகளுக்கு ஃபைபர் இழுத்திருக்கிறோம். "இந்த ஐபி முகவரியை இந்த நேரத்தில் பயன்படுத்தியவர் யார்?" என்று காவல்துறையிடமிருந்து கடிதம் வந்தால், பதிலைத் தேடி எடுப்பது என் மேஜையில்தான் நடக்கும். அந்த மேஜையிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்கு நான் எதிரானவன் அல்ல. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டப்பட்டு ஓய்வூதியச் சேமிப்பு முழுவதையும் பறிகொடுத்த ஓர் ஆசிரியர், "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்ல முடியாதா?" என்று எங்கள் அலுவலகத்துக்கே வந்து கேட்டிருக்கிறார். அவர் போன்றவர்களுக்காகக் குற்றவாளிகளைத் தேட வேண்டும், அதற்கு எங்களைப் போன்றவர்கள் உதவ வேண்டும். ஆனால் ஒருவருடைய இணைப்பை ஒட்டுக்கேட்க ஆணை போடுவதற்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது. யாருடைய இணைப்பு என்று கண்டுபிடிக்கிற படி. அந்தப் படியில் காவலுக்கு ஒருவரும் இல்லை. என் கவலை அதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வலையமைப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு பொது ஐபி முகவரி கொடுக்க முடிந்தது. ரவுட்டர் இணையும்போது முகவரி ஒன்று கிடைக்கும், துண்டித்து மறுபடி இணைந்தால் வேறொன்று கிடைக்கும். எந்த வீட்டுக்கு எப்போது எந்த முகவரி போனது என்று இணைப்புகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் எங்கள் ரேடியஸ் சர்வரில் லாக், அதாவது பதிவு, இருக்கும். ஒரு நாள் கடிதம் வந்தது. ஒரு முகவரி, ஒரு தேதி, '18:45' என்று நேரம். அவ்வளவுதான். நான் மாலை ஆறே முக்கால் என்று எடுத்துக்கொண்டேன். லாக்கில் தேடினேன். அந்த நேரத்தில் அந்த முகவரி ஒரு தையல்காரர் வீட்டில் இருந்தது. பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாளே அந்த வீட்டுக்குப் போனார்கள். கல்லூரியில் படிக்கும் மகனின் போனையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டார்கள். பையனை மூன்று நாள் காலையில் வரச்சொல்லி இரவு அனுப்பினார்கள். தெருவே பார்த்தது. பிறகு அதே வழக்கில் கூடுதல் விவரம் கேட்டு இரண்டாவது கடிதம் வந்தது. அதோடு சமூக ஊடக நிறுவனம் கொடுத்த மூலப் பட்டியலின் நகலும் இருந்தது. நேரம் எழுதியிருந்த பத்தியின் தலைப்பில் 'யுடிசி' என்று மூன்று எழுத்து, அதாவது உலகப் பொது நேரம். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. யுடிசி 18:45 என்றால் நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டி, மறுநாள் நள்ளிரவு 12:15. தேதியே வேறு. நடுவில் ஒன்பது மணிக்குக் கரண்ட் போய் வந்து, அந்தப் பகுதியின் ரவுட்டர்கள் எல்லாம் மறுபடி இணைந்து, முகவரிகள் கைமாறியிருந்தன. நள்ளிரவில் அந்த முகவரி வேறு தெருவில் வேறு வீட்டில் இருந்தது.

உடனே போன் செய்து சொன்னேன். விசாரித்த எஸ்.ஐ. நேர்மையானவர். தானே அந்த வீட்டுக்குப் போய்ப் பையனிடம் பேசினார். ஆனால் போனும் லேப்டாப்பும் திரும்பிவரப் பல மாதம் ஆனது. பையன் அந்த செமஸ்டரைக் கோட்டைவிட்டான். இது ஒரு பிழை என்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுதவில்லை. எங்கள் அலுவலகத்திலும் எழுதவில்லை. எழுதுவதற்கென்று ஒரு பதிவேடே கிடையாது.

எங்கள் ஊரில் மட்டும் நடந்த விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2007 ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த மென்பொறியாளர் ஒருவரை, ஆர்க்குட் என்ற அன்றைய சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தினார் என்று சொல்லிப் புனே காவல்துறை கைது செய்தது. இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ஐபி விவரம் தவறு என்று தெரியவருவதற்குள் அவர் ஐம்பது நாள் சிறையில் இருந்துவிட்டார். அந்தச் செய்தி வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அது எனக்கு யாரோ ஒருவருக்கு நேர்ந்த துன்பம். இப்போது அந்த நிறுவனத்தில் லாக்கைப் பார்த்துப் பதில் எழுதிய பொறியாளரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1996 டிசம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வரம்பு கட்டியது. 2007இல் அது தந்தி விதிகளில் 419ஏ என்று இடம்பெற்றது. இணையத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவும் 2009ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. தொலைத்தொடர்புச் சட்டம் 2023க்குப் பின், 2024 டிசம்பரில் உங்கள் துறையே புதிய ஒட்டுக்கேட்பு விதிகளை அறிவித்தது. ஒன்றிய அல்லது மாநில உள்துறைச் செயலர் கையெழுத்திட வேண்டும். ஓர் ஆணை 60 நாள்தான் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். நீதிமன்றங்களும் இதைக் காகிதமாக விட்டுவைக்கவில்லை. 2011இல் போடப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ அங்கே இல்லை, ஒட்டுக்கேட்ட பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

ஆனால் இந்தக் காவல் எல்லாம் ஒரு பெயர் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. பெயரைக் கண்டுபிடிக்க உள்துறைச் செயலர் தேவையில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, ஒரு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுதிக் கேட்கலாம். நாங்கள் பதில் சொல்கிறோம். அந்தப் பதிலில் தையல்காரரின் பெயர் இருந்தால், அடுத்து வருகிற ஒட்டுக்கேட்பு ஆணையிலும் அவர் பெயர்தான் இருக்கும். செயலர் சட்டப்படி கையெழுத்திடுவார். மறுஆய்வுக் குழு காகிதங்களைப் பார்க்கும். எல்லாம் முறையாக இருக்கும். ஆள் மட்டும் வேறு. மறுஆய்வுக் குழுவின் மேஜைக்கு எங்கள் லாக்கின் நகல் போவதில்லை. போனாலும் அங்கே அதைப் படித்துச் சரிபார்க்க ஒரு வலையமைப்புப் பொறியாளர் உட்கார்ந்திருக்கவில்லை.

அன்று ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி இருந்தது என்றேன். இன்று அதுவும் இல்லை. ஐபிவி4 என்னும் பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அவை தீர்ந்துபோய் வெகுகாலமாகிறது. எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்குக் கிடைத்தது கைப்பிடி அளவுதான். அதனால் சிஜிநாட் என்னும் பெட்டியை வைத்து ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடுக்குகிறோம். ஒரே முகவரி வழியாகப் போகும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்கள் ஒரு முகவரிக்கு 65,536 உண்டு. முதல் 1,024ஐ ஒதுக்கிவிட்டால் மீதம் 64,512. வீட்டுக்கு 1,008 போர்ட் என்று பிரித்தால் ஒரே முகவரியில் 64 வீடுகள். 256 என்று இறுக்கினால் 252 வீடுகள். ஒரு தெரு முழுக்க வெளியுலகத்துக்கு ஒரே விலாசத்தோடு தெரிகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, "இங்கே குடியிருப்பவரைக் காட்டு" என்று கேட்பது போல.

எந்த வீடு என்று பிரித்துச் சொல்லக்கூடியது போர்ட் எண் ஒன்றுதான். அதோடு விநாடி வரை துல்லியமான நேரம் வேண்டும், அது எந்த நேர மண்டலம் என்றும் எழுதியிருக்க வேண்டும். இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப், இணையத்தை நோக்கியிருக்கும் சர்வர்கள் எல்லாம் வருபவரின் முகவரியோடு போர்ட் எண்ணையும் நேரத்தையும் பதிந்துவைக்க வேண்டும் என்று 2011இலேயே பரிந்துரைத்துவிட்டது. கடிகாரங்களை நிக் என்னும் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்கச் சொல்லி, ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. நாங்கள் ஒத்துவைத்திருக்கிறோம். ஆனால் என் மேஜைக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் போர்ட் எண் இருப்பதில்லை. நேரத்தில் விநாடி இருப்பதில்லை. எந்த நேர மண்டலம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள்.

போர்ட் இல்லாமல் கேட்டால் என்ன ஆகிறது? "கண்டறிய இயலாது" என்று எழுதினால் மறுபடி நினைவூட்டல் வருகிறது. ஒத்துழைக்கவில்லை என்ற பேச்சு வருகிறது. உரிமத்துக்கு ஆபத்து என்று நிர்வாகம் பயப்படுகிறது. அதனால் சில இடங்களில் அந்த முகவரிக்குப் பின்னால் அந்த நேரத்தில் இருந்த எல்லா வீடுகளின் பட்டியலையும் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு குற்றத்துக்காக 252 குடும்பங்களின் பெயர், விலாசம், செல்போன் எண் ஒரு கோப்பில் போய்ச் சேருகிறது. அதில் யாரை முதலில் விசாரிப்பது என்று தீர்மானிப்பது எது? ஏற்கெனவே ஒரு வழக்கில் இருந்தவரா, இன்ன பகுதியில் குடியிருப்பவரா, இன்ன பெயர் கொண்டவரா? இந்தக் கேள்வியை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

இங்கே இன்னொரு முடிச்சு இருக்கிறது. இதைப் பற்றித் துறைக்குள் யாரும் போதிய அளவு பேசுவதாக எனக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேட்பவர் போர்ட் எண் தராவிட்டால், வீட்டைப் பிரித்தறிய இன்னொரு குறுக்குவழி உண்டு. அந்த முகவரிக்குப் பின்னாலிருந்த வீடுகளில் அந்த நேரத்தில் அந்தக் குறிப்பிட்ட சர்வரோடு பேசியது எது என்று பார்ப்பது. அதற்கு ஒவ்வொரு வீடும் எந்தெந்த முகவரிக்குப் போனது என்று நாங்கள் முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் நாட் லாக்குக்கு, அதாவது முகவரியைப் பகிர்ந்த வீடுகளின் பதிவுக்கு, வகுக்கப்பட்ட பட்டியலில் இந்தச் சேருமிட முகவரியும் இருக்கிறது. நிர்வாகத் தேவை இருந்தாலொழிய சிஜிநாட்டில் சேருமிடத்தைப் பதியாதீர்கள் என்று ஐஇடிஎஃப் 2013இல் சொன்னது. ஏன் அப்படிச் சொன்னது என்று லாக்கைத் தினமும் பார்க்கிற எனக்குப் புரியும். அதைப் புரட்டினால் ஒரு வீடு எந்த நேரத்தில் எந்த வங்கிச் சேவையோடு, எந்த மருத்துவ ஆலோசனைச் செயலியோடு, எந்தத் திருமணத் தகவல் தளத்தோடு பேசியது என்று பல சமயம் ஊகித்துவிடலாம். பேச்சைக் கேட்கவே வேண்டாம், போய்வந்த தடமே போதும். எந்தக் குற்றத்திலும் சம்பந்தப்படாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இதை எழுதிவைக்கிறோம். 2021 டிசம்பரில் உங்கள் துறை பதிவுகளைக் காக்கும் காலத்தை ஓர் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாக்கியது. ஆக, ஒரு கடிதத்தில் ஐந்து இலக்க எண் ஒன்றை எழுதாத குறைக்காக, ஊர் முழுவதின் நடமாட்டத்தை இரண்டு ஆண்டு சேர்த்துவைக்கிறோம். கேட்கும்போதே போர்ட் எண் வந்துவிட்டால், எந்த வீட்டுக்கு எந்தப் போர்ட் வரிசை என்ற ஒரு சின்ன அட்டவணையே எங்களுக்குப் போதும்.

சேர்த்துவைத்தது பத்திரமாக இருக்குமா என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2004, 2005இல் கிரீஸில் பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டோரின் செல்போன்களை யாரோ ஒட்டுக்கேட்டார்கள். சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காகவே சுவிட்சுகளில் இருந்த வசதியை, திருட்டு மென்பொருள் வழியாகத் திறந்துகொண்டார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் சால்ட் டைஃபூன் என்ற பெயரால் அறியப்படும் ஊடுருவல்காரர்கள் புகுந்து, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்க வைத்திருந்த அமைப்புகள் வரை போனார்கள். அந்தப் பெரிய நிறுவனங்களின் கதி இது. எங்கள் லாக் சர்வர் இருக்கும் அறையின் சாவி, இரவில் வாட்ச்மேனிடம் இருக்கிறது.

சரி, வீட்டைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வீடு என்பது ஆள் இல்லை. 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பாக வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் இணைப்பிலிருந்து போயிருந்தது. பூட்டாமல் இருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். எங்கள் ஊரில் மகளிர் விடுதி ஒன்றில் நாற்பது பெண்களுக்கு ஒரே இணைப்பு. டீக்கடைக்கும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் ஒரே கடவுச்சொல். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் செய்தார் என்று எங்கள் பதிலை யாரும் படிக்கக் கூடாது. ஆனால் இப்போது நாங்கள் அனுப்பும் பதிலில் 'பயனர் பெயர்' என்றுதான் தலைப்பு இருக்கிறது. 'சந்தாதாரர் பெயர்' என்று மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் அதிகாரிகள் கூட்டங்களில் சொல்கிறார்கள். ஐபிவி6 பரவலில் இந்தியா உலகில் முன்வரிசையில் இருப்பது உண்மை, எனக்கும் அதில் பெருமைதான். வீட்டுக்குத் தனி முகவரித் தொகுதி கிடைப்பதால் போர்ட் சிக்கல் அங்கே குறையும். ஆனால் முகவரியின் பின்பாதியைக் கருவிகளே அடிக்கடி மாற்றிக்கொள்ளும், வீட்டுக்குள் எந்தப் போன் என்பது அப்போதும் தெரியாது. யுடிசிக் குழப்பமும் அப்படியே இருக்கும்.

பிற நாடுகள் இதில் என்ன செய்திருக்கின்றன என்று பார்த்தேன். பெல்ஜியத்தில் ஒரு முகவரிக்குப் பின்னால் 16 சந்தாதாரர்களுக்கு மேல் வைப்பதில்லை என்று நிறுவனங்கள் தாமாகவே ஒப்புக்கொண்டன. முகவரிகள் அவ்வளவு இல்லாத நமக்கு அது உடனே முடியாது. ஆனால் பிரிட்டனில் செய்வது நமக்கும் முடியும். அங்கே இந்த அதிகாரங்களைக் கண்காணிக்கும் ஆணையர், ஐபி முகவரியைத் தவறாகத் தட்டச்சு செய்ததாலும் நேர மண்டலத்தைத் தவறாகக் கணக்கிட்டதாலும் நிரபராதிகளின் வீட்டுக் கதவு தட்டப்பட்ட சம்பவங்களை ஆண்டறிக்கையில் அச்சிடுகிறார். கடுமையான பிழை நேர்ந்து, தெரிவிப்பது பொதுநலனுக்கு ஏற்றது என்றால், பாதிக்கப்பட்டவரிடம் சொல்லவேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே கட்டளையிடுகிறது. எங்கள் ஊர்ப் பையனுக்கு அப்படியொரு கடிதம் வந்திருந்தால், அதைக் கல்லூரியில் காட்டி அந்த செமஸ்டரை மீட்டிருப்பான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். முகவரி, போர்ட் எண், விநாடியோடு நேரம், நேர மண்டலம் இவை நான்கும் இல்லாத கோரிக்கையை நிறுவனம் திருப்பி அனுப்பலாம் என்றும், அதற்காக உரிமத்தின் மேல் எந்த நடவடிக்கையும் வராது என்றும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சமூக ஊடகங்களும் வங்கிகளும் கொடுத்த மூலப் பட்டியலின் நகலை, திரும்பத் தட்டச்சு செய்யாமல், கோரிக்கையோடு இணைக்கச் சொல்லுங்கள். எங்கள் பதிலை இரண்டு பேர் தனித்தனியாகத் தேடிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று எங்கள் மேலும் கட்டாயம் போடுங்கள். கூடுதல் வேலைதான், நாங்கள் செய்யத்தான் வேண்டும். போர்ட் எண் வரத் தொடங்கியதும் சேருமிடப் பதிவை நிறுத்த அனுமதியுங்கள். ஒட்டுக்கேட்பு ஆணை மறுஆய்வுக் குழுவுக்குப் போகும்போது, அந்தப் பெயருக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற தாளும் கூடவே போகட்டும். அப்புறம், தவறாகச் சொன்ன பெயர்களுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கையையாவது வெளியிடுங்கள். அதில் முதல் வரியாக என் கையெழுத்தோடு போன அந்தப் பதிலை எழுதிக்கொள்ள எனக்குச் சம்மதம்.

கோரிக்கைப் படிவத்துக்கு ஒரு மாதிரியைத் தயாரித்திருக்கிறேன். ஒரே பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். நேரம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'இந்திய நேரம்', 'யுடிசி' என்று இரண்டு சின்னக் கட்டம் போட்டு, ஏதாவது ஒன்றில் டிக் அடித்தால்தான் படிவம் செல்லும் என்று கீழே குறித்திருக்கிறேன். தையல்காரரிடம் காட்டினேன். மகனைக் கூப்பிட்டு அவனிடம் கொடுத்தார். அவன் பேனா எடுத்து அந்த இரண்டு கட்டங்களையும் இன்னும் கொஞ்சம் பெரிதாக வரைந்து கொடுத்தான். அவன் வரைந்தபடியே திருத்திய பிரதியை உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வலையமைப்புப் பொறியாளர்